ஆறு பேர், ஆறு மணி நேரம், சீட்டில் எண்ணெய் படக்கூடாது: போர்டு கேம் குழுவுக்கான தீனி வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆறு பேர் கூடி, கேட்டன் மாதிரியான போர்டு கேம் ஒன்றை (ஆறு பேருக்கான கூடுதல் பெட்டியோடு) விரித்தால், இரவு எட்டு மணி வரை யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. அதற்குள் எல்லோருக்கும் ஒருமுறை நன்றாகப் பசிக்கும். வாய் நமநமப்பதற்குக் கணக்கே கிடையாது. வழக்கமாக என்ன நடக்கும்? கடைசியாக வருகிறவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அரைக்கிலோ மிக்சரும் ஆறு பப்ஸும் வாங்கி வருவார். ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு சீட்டின் மூலையில் மஞ்சள் விரல் அடையாளம் விழும். அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டி அன்றோடு பாதி செத்தது.

விருந்துத் தீனிக்கு ருசி முதலில். ஆட்டத் தீனிக்கு அது இரண்டாவதுதான். விரலில் என்ன ஒட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

விரல் சோதனை

எந்தத் தின்பண்டத்தையும் வாங்குவதற்கு முன்போ செய்து முடித்த பின்போ ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். துடைக்காமல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு வெள்ளைத் தாளில் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் தெரிகிறதா? எண்ணெய் அதிகம். மசாலாத் தூள் தெரிகிறதா? அதுவும் வேண்டாம். அடுத்து, கறுப்புத் தட்டு ஒன்றின் மேல் குனிந்து இன்னொன்றைக் கடியுங்கள். தட்டில் பத்துத் துணுக்குக்கு மேல் விழுந்தால் அது ஆட்ட மேசைக்கு ஆகாது.

நம் ஊர்க் கடைச் சரக்கில் பெரும்பாலானவை இதில் தோற்றுவிடும். மிக்சருக்கு மூன்று குற்றமும் உண்டு. பப்ஸ் கடித்த இடத்தில் சருகு கொட்டும். கேட்டன் பலகையின் அறுகோணத் துண்டுகளுக்கு நடுவே அது புகுந்துவிட்டால் துண்டுகள் சரியாகப் பொருந்தாது. பஜ்ஜி, போண்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேலத்துத் தட்டுவடை செட்டை வாங்கி வருகிற அன்பு பெரியதுதான், ஆனால் பீட்ரூட் துருவல் சொட்டும். அதை வாசலிலேயே தின்று முடித்துக் கைகழுவிவிட்டு உள்ளே வரட்டும். கடலை மிட்டாய் பனிக்காலத்தில் தேறும். ஏப்ரல், மே வெயிலில் வெல்லம் இளகி விரலில் பிசுபிசுக்கும்.

தேறுகிறவை: தோலுரித்த வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ஒரே வாயில் போடும் அளவுள்ள தட்டை, உப்பு பிஸ்கட், விதையில்லாத் திராட்சை (கழுவித் துடைத்து, காம்பு நீக்கி), ஏலக்கி வாழைப்பழம். வாழைப்பழத்தின் தோலே உறை என்பதால், பழத்தை விரல் தொடாமலே தின்றுவிடலாம். கிண்ணத்தில் போட்டுக் கரண்டியோடு கொடுத்தால் சுண்டலும் பொரியும் தேறும். பொரியை மட்டும் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். தக்காளி, வெங்காயம் பட்ட பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும்.

கை விஷயம்

இணையத்தில் இதைப் பற்றிப் படித்தால் "ஒரு கையால் சாப்பிடு, மறு கையால் ஆடு" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நமக்கு அது அவ்வளவு எளிதல்ல. சாப்பிடுவதும் சோற்றுக்கை, சீட்டு எடுப்பதும் சோற்றுக்கை. மேசையில் மாமாவோ தாத்தாவோ உட்கார்ந்திருந்தால் இடது கையால் சீட்டு நீட்ட யாருக்கும் மனம் வராது. ஆகவே விரலே படாமல் சாப்பிட வைப்பதுதான் வழி. ஆளுக்கொரு சின்னக் கிண்ணம், ஆளுக்கொரு கரண்டி அல்லது பல்குச்சி. எச்சில் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. நடுவில் ஒரு பெரிய தட்டு வைத்தால் ஆறு கைகள் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும். சட்டைக் கை பட்டுக் காய்கள் நகர்ந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். நோட்டு எண்ணுவதுபோல் கட்டைவிரலை நாக்கில் தொட்டுச் சீட்டைப் பிரிக்கிறவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எச்சிலும் மசாலாவும் சேர்ந்தால் சீட்டு ஓரம் ஊறிப் பிரியத் தொடங்கும். அவருக்கு எதிரில் ஈரத் துண்டு ஒன்று வையுங்கள். மற்றவர்களுக்கும் இரண்டு பேருக்கு ஒன்றாக ஈரத் துண்டு, பக்கத்திலேயே உலர்ந்த துண்டு. உலர்ந்ததை மறந்துவிட்டால் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் சீட்டில் ஏறும்.

எதை எங்கே வைப்பது

விதி ஒன்றுதான்: குடிக்கிற எதுவும் பலகையைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு டம்ளரை அங்கே வையுங்கள். கவிழ்ந்தால் தரையோடு போகும். மேசைமேல்தான் வைக்கவேண்டும் என்றால் டம்ளரை டபராவுக்குள் உட்கார வையுங்கள். அடி அகலமாவதால் சாய்வது குறையும். தளும்பினாலும் டபரா ஏந்திக்கொள்ளும். இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் கப் ஹோல்டரைவிட நம் வீட்டு டபரா மேல்.

குளிர்ந்த பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்த்து வழியும் தண்ணீர்தான் பலகைக்குச் சத்தமில்லாத எதிரி. அட்டைப் பலகையின் ஓரம் அதை உறிஞ்சி உப்பும், பிறகு தட்டையாகவே ஆகாது. பாட்டிலுக்குப் பழைய சாக்ஸ் போட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கம்தான்.

பாய் விரித்துத் தரையில் ஆடுகிற வீடுகளில் ஸ்டூல் கதை எடுபடாது. அங்கே மூடி போட்ட பாட்டில் தவிர வேறு எதற்கும் இடமில்லை. டீயை எழுந்துபோய்த் திண்ணையில் குடிக்கட்டும். தரையில் வைத்த டம்ளரை யாராவது காலை நீட்டித் தட்டிவிடுவது நிச்சயம்.

எவ்வளவு, எப்போது

ஆறு பேர், இரண்டு மணி முதல் எட்டு மணி வரை என்று வைத்துக்கொண்ட கணக்கு. வருகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார்கள்.

2.00: தண்ணீர் மட்டும். விதிமுறை விளக்கும்போது தட்டு வைத்தால் யாரும் காதைக் கொடுக்கமாட்டார்கள்.
3.00: உலர்ந்த தீனி, மொத்தம் 400 கிராம். 200 கிராம் இப்போது, மீதி 6.30-க்கு. ஒரேயடியாக வைத்தால் ஒரேயடியாகத் தீரும்.
4.00: முதல் டீ. கூடவே பழம் அல்லது மாங்காய், ஆளுக்கு 100 கிராம்.
5.15: இடைவேளை. ஆட்டத்தை நிறுத்தி, வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் உணவு, அரைமணி நேரம்.
6.30: இரண்டாவது டீ, சுண்டல், மீதித் தட்டை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். கோடையில் ஒன்றரை.

ராகித் தட்டை

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ராகிக்கும் ஆட்ட மேசைக்கும் நல்ல பொருத்தம். ராகி மாவில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. ஆகவே தட்டை மொறுமொறுப்பாக, ஒரே கடியில் உடையும்; சரியான அளவில் தட்டினால் கடிக்கவே வேண்டாம். முதல்நாளே செய்துவிடலாம்.

ராகி மாவு 300 கிராம், பச்சரிசி மாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம். எள் ஒரு மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, காய்ச்சிய எண்ணெய் 30 மில்லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய 225 மில்லி. மிளகாய்த்தூளைப் பொரித்த பிறகு மேலே தூவக்கூடாது. காரம் வேண்டுமென்றால் மாவிலேயே போடுங்கள்.

1. மாவு மூன்றையும் சலித்து, வெறும் வாணலியில் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் சூடுகாட்டுங்கள். பச்சை வாடை போனால் போதும், நிறம் மாறக்கூடாது.
2. உப்பு, எள், மிளகு, சீரகம் கலந்து, காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பிசறுங்கள். பிடித்தால் பிடி நிற்கவேண்டும், அழுத்தினால் உதிரவேண்டும். எண்ணெய் இதற்கு மேல் போனால் பொரிக்கும்போது தட்டை கரைந்து பிரியும்.
3. தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டுப் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். ராகி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். உடனே தட்டினால் ஓரம் வெடிக்கும். அப்படியும் வெடித்தால் இன்னும் ஒரு கரண்டித் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.
4. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தட்டுங்கள். கடையில் விற்கும் உள்ளங்கை அளவுத் தட்டை இங்கே பயன்படாது. அதைக் கடித்துத்தான் தின்னவேண்டும், கடித்தால் துணுக்கு விழும்.
5. ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் நான்கைந்து குத்து. குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பி, உள்ளே எண்ணெய் நிற்கும்.
6. மிதமான சூட்டில் பொரியுங்கள். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அது அடியில் தங்காமல், சீறிப் பாயாமல், நிதானமாக மேலே வரவேண்டும். ராகி முதலிலேயே கறுத்திருப்பதால் நிறத்தை நம்பமுடியாது. குமிழியைப் பாருங்கள். தட்டையைச் சுற்றிக் குமிழி அடங்கிச் சத்தம் ஓய்ந்ததும் எடுத்துவிடலாம்.
7. எடுத்த நொடியே தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து ஒற்றுங்கள். ஆறவிட்டு ஒற்றிப் பயனில்லை. பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைவதில்லை. எடுத்த பிறகு சூடு தணியத் தணிய ஆவி அடங்கி, மேலே நிற்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் சோதனையில் தேறுவதும் தோற்பதும் இந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிறது.

அரைக்கிலோ அளவுக்கு வரும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, மறுநாள் நமுத்திருக்கும்.

தூள் இல்லாத மாங்காய்

கிருஷ்ணகிரிக்காரருக்கு மாங்காயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஈரத் துண்டில் தூவிய தூள் விரலுக்கும், விரலிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து கண்ணுக்கும் போகும். காரத்தைத் தண்ணீரில் ஏற்றிவிட்டால் போதும்.

கிளிமூக்கு, அதாவது பெங்களூரா, இதற்கு உகந்தது. கூழ் ஆலைகள் அதிகம் வாங்குவதும் இந்த ரகத்தைத்தான், ஆனால் காயாக இருக்கையில் கெட்டியான சதை, மட்டான புளிப்பு. பெரிய காய் இரண்டைச் சுண்டுவிரல் அளவுக்கு நறுக்குங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, கீறிய பச்சைமிளகாய் மூன்றைப் போட்டு, துண்டுகளை அதில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வடித்து, துணியில் ஒற்றி, கிண்ணத்தில் போட்டுப் பல்குச்சியோடு கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் துவண்டு, உப்புக் கரிக்கும். பழுத்த அல்போன்சா முழங்கை வரை வழியும், அது இடைவேளைக்கு.

இடைவேளைச் சாப்பாடு: புளிச்சோறு

களி வேண்டாம். களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு யாரும் இரண்டாவது ஆட்டத்துக்கு விழித்திருக்கமாட்டார்கள். சூடு ஆறினால் ருசியும் இல்லை. புளிச்சோற்றுக்குக் குழம்பு தேவையில்லை, கரண்டியால் சாப்பிடலாம், ஆற ஆற ருசி கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நல்ல புளிக்குப் பஞ்சமில்லை. இனிப்பான உரிகம் புளி கிடைத்தால், வழக்கமாகச் சேர்க்கும் துளி வெல்லமும் தேவையில்லை.

ஆறு பேருக்கு அரைக்கிலோ அரிசி. 60 கிராம் புளியை 300 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். 75 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, வேர்க்கடலை 50 கிராம், காய்ந்த மிளகாய் எட்டு, கறிவேப்பிலை, பெருங்காயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள். வேர்க்கடலை சிவந்ததும் கரைசலை ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவிடுங்கள். இருபது நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சைப் புளி வாடை வீசும், சோறும் கொழகொழவென்று ஆகும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி.

சோற்றை விறைப்பாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவையுங்கள். சூட்டோடு கிளறினால் சோறு குழையும். புளிக்காய்ச்சலில் முக்கால் பங்கை மட்டும் கலந்து, ஒரு மணி நேரம் ஊறிய பின் ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். மஞ்சளும் எண்ணெயும் நிறைந்த சாப்பாடு என்பதால் பலகைக்கு அருகே இதற்கு அனுமதியே இல்லை. இடைவேளையில் பலகைமேல் ஒரு வேட்டியைப் போர்த்திவிட்டு வேறு அறைக்குப் போங்கள். திரும்பும்போது சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும். வெறும் தண்ணீர் நல்லெண்ணெயை அசைக்காது.

சுண்டலும் டீயும்

கொள்ளு 250 கிராம், முதல்நாள் இரவே ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில். வடித்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடிதட்டில் கால்மணி நேரம் உலரவிட்டுத் தாளியுங்கள், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். காலையில் செய்து மாலையில் சாப்பிடுவதாக இருந்தால் தேங்காயைப் பரிமாறும்போதுதான் சேர்க்கவேண்டும். வெயில் காலத்தில் தேங்காய் சேர்த்த சுண்டல் மூன்று மணி நேரம் தாங்குவதே கடினம். கொண்டைக்கடலையும் செய்யலாம். மூடிய அறையில் ஆறு பேர் ஆட்டம் முடியும்வரை உட்காரப்போகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு சுற்று டீக்குப் பால் 450 மில்லி, தண்ணீர் 250 மில்லி, டீத்தூள் ஆறு தேக்கரண்டி. ஃபிளாஸ்க்கைக் கொதிக்கும் தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள். சர்க்கரையைத் தனியாக மேசையில் வைக்காதீர்கள், எறும்புக்கு அழைப்பிதழ் அது. சர்க்கரை கலந்தது ஒரு ஃபிளாஸ்க், கலக்காதது ஒன்று.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்

கேரம் போர்டில் தீனியே கூடாது. 29 அங்குலப் பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் காய் அங்கே வந்து நிற்கும், பவுடர் போட்டுத் தேய்த்தால் களிம்பாகும். அதோடு கேரம் பவுடர் பலவும் போரிக் அமிலம். அந்தக் கையோடு கடலையைத் தொடக்கூடாது. ஜெங்கா மாதிரிக் கட்டையடுக்கும் ஆட்டத்துக்கும் இதே கதைதான், எண்ணெய் பட்ட கட்டை வழுக்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கதையாட்டங்களில் சீட்டு குறைவு, பேச்சு அதிகம். கதை நடத்துகிறவர் ஆறு மணி நேரமும் பேசவேண்டும்; தட்டை கடித்தால் தொண்டையில் துகள் சிக்கும். அவருக்கு வெந்நீரும் பனங்கற்கண்டும் கொடுத்து, அவர் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவர்கள் தின்று தீர்த்த பிறகு வெறும் கிண்ணத்தைப் பார்க்கிறவர் அடுத்த காட்சியில் எல்லோரையும் பழிவாங்குவார்.

அழைக்கும்போதே கேட்டுவிடவேண்டியவை: வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா (இந்தப் பட்டியலில் கடலை பல இடத்தில் வருகிறது), சர்க்கரை நோய் உண்டா, புரட்டாசி, கிருத்திகை, அமாவாசை என்று யாராவது விரதமா, ரமலான் நோன்பா. நோன்பு இருக்கிறவர் குழுவில் இருந்தால் இடைவேளையை இஃப்தார் நேரத்துக்கு மாற்றிவிடுவது எல்லோருக்கும் எளிது.

பட்டுவிட்டால்

சீட்டில் எண்ணெய்: தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் ஒற்றி, இரண்டு பக்கமும் சோளமாவைத் தடவி, தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு இரவு. கறை குறையும், முழுதாகப் போகாது. பின்பக்கத்தில் தடம் தெரிந்தால் எல்லாச் சீட்டுக்கும் பின்புறம் மறைக்கும் உறை போடுவதுதான் வழி. கேட்டன் சீட்டு 54 × 80 மில்லிமீட்டர், வழக்கமான 63.5 × 88 உறையில் அது தளர்ந்து ஆடும், அளவு பார்த்து வாங்குங்கள்.

பலகையில் தண்ணீர்: ஒற்றி எடுத்துத் தட்டையாக வைத்து, மேலே தாளும் பாரமும் வைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முதலில் காய்ந்து வளையும். சர்க்கரை போட்ட டீ என்றால், காய்வதற்கு முன்பே பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பிறகு இதைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், வெந்நீர் மட்டும் வேண்டாம். வாளும் வேலும் வளைந்துவிடும்.

கடைசியாக, பெட்டியை மூடுமுன் அடித்தட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒரு தட்டைத் துணுக்கு போதும், எறும்பும் கரப்பானும் வழி கண்டுபிடித்துவிடும். துணுக்கே இல்லாவிட்டாலும் வெள்ளிப்பூச்சி அட்டையின் பசையைத் தின்னும் என்பதால், பெட்டியை அடுப்படி அலமாரியிலோ ஈரச்சுவர் ஓரத்திலோ வைக்காமல் உயரமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம்.